குப்புறப் படுத்திருந்தவருக்கு நான் சொன்ன மீன்கள்

கையைச் சும்மா வைத்திருக்க எனக்கு வராது. பேருந்தில் உட்கார்ந்தால் முன்சீட்டின் ரெக்சின் கிழிசலுக்குள் விரல் போய்விடும். டீக்கடையில் டம்ளரைச் சுழற்றிச் சுழற்றி மேசை முழுக்க ஈர வட்டங்கள் போடுவேன். ஆறிவரும் புண்ணில் பொருக்கைப் பார்த்தால் போதும். என் முழங்காலோ மனைவியின் முழங்கையோ, நகம் தானாக நீளும். "அத்த வுடு" என்று அவள் கையில் அடிப்பாள். நாற்பத்தெட்டு வயதிலும் அந்த அடி விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று எனக்காக யாரும் பரிந்து பேசிவிடக் கூடாது.

உத்திரமேரூர் கடைவீதியில் மோட்டார், பைப், வால்வு விற்கிற பாய் ஒருவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். திருப்புலிவனத்தில் எங்களுக்கு இருக்கிற கொஞ்சம் நிலத்துக்கு மோட்டார் வாங்கப் போய்ப் பழக்கமானவர். அந்த மோட்டாரின் காயில் இரண்டு முறை எரிந்து, மூன்றாவது மோட்டாரும் வந்துவிட்டது. பழக்கம் மட்டும் எரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. பயிர் வைக்காத நாட்களில் நான் எழுதுகிறவன். பத்தியா கவிதையா என்று எனக்கே பிடிபடாத ஒன்றைச் சிறுபத்திரிகைகளுக்கு அனுப்புவேன். பாய் ஒரு வரிகூடப் படித்ததில்லை. "எய்துனத படிக்க நமக்குப் பொறுமை இல்ல நைனா. வாயால சொல்லு, கேக்கறேன்" என்பார். சொல்வேன். பில் போடுவதை நிறுத்திவிட்டு, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்பார். என் வாழ்நாளில் அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் விழப்போகிறது.

கடைக்குப் பின்னால், பைப் அடுக்குகிற அறையின் கோடியில், அவர் ஒரு கடல் வைத்திருந்தார்.

நான்கடிக் கண்ணாடித் தொட்டி. ஏரித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் தவிர வேறு தண்ணீர் தெரியாத எங்கள் ஊரில், உப்புக் கரைத்துத் தராசு வைத்ததுபோல் அளவு பார்த்து அவரே செய்த கடல். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு. எலுமிச்சை நிறத்தில் தட்டை மீன் ஒன்று. மீன்களின் வாய்க்குள்ளேயே புகுந்து சுத்தம் பண்ணுகிற சிவப்பு இறால் ஒன்று. அதற்குப் பாய் வைத்த பட்டம் 'பல் டாக்டர்'. ஃபுட்வால்வு வாங்க வருகிறவர்கள் அப்படியே உள்ளே போய் எட்டிப் பார்ப்பார்கள். "இன்னா பாய், இது கொயம்புக்கு ஆவுமா?" என்று ஒருத்தராவது கேட்காமல் போனதில்லை.

பட்டை மீன்கள் ஜோடி. நான்கு வருடமாக ஜோடி. முட்டை மட்டும் வைக்கவில்லை. மூலையில் ஒரு தட்டைக் கல்லை அதற்கென்றே சாய்த்து வைத்து, பாய் தினமும் கண்ணாடியில் நெற்றி பட நின்று பார்ப்பார். கல்லாவில் இருக்கிற அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அங்கிருந்தே குரல் கொடுப்பார்: "இப்டி மூஞ்ச ஒட்டிக்கினு நின்னா அதுங்களுக்குக் கூச்சமா இருக்காதா? இந்தப் பக்கம் வாங்க."

ஆனால் பாயின் பெருமை மேல் தொட்டி இல்லை. அதன் கீழே, இரும்புச் சட்டத்துக்குள், பாதி இருட்டில் இருந்த சின்னத் தொட்டி. ரெஃப்யூஜியம் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். பாய் சொல்வது கீய் தொட்டி. மேலிருந்து தண்ணீர் ஒரு குழாய் வழியாக அதில் இறங்கும். மெதுவாக நகர்ந்து, பம்பு வழியாக மறுபடி மேலே ஏறும். அந்தச் சின்னத் தொட்டியில் முக்கால் சாண் உயரத்துக்கு மணல். ரவை போன்ற வெண்மணல். அதன் மேல் சிக்கு விழுந்த நூல்கண்டாகப் பச்சைப் பாசி. பாசிக்குள் ஊசிமுனை அளவில் எதுவெதுவோ துள்ளும். மணலுக்குள் நூல் நூலாகப் புழுக்கள்.

"மேல மீனு கயிக்கறதெல்லாம் இங்க தான் வருது நைனா. மேல் மணல்ல கீற கூட்டம் பாதிய தின்னும். அடில காத்தே போவாது பாரு, அங்க ஒரு கூட்டம் கீது, காத்து பட்டா செத்துடும். அது மீதிய தின்னு வெறும் காத்தா மாத்தி வுட்டுடும். தோ, குமிழி. அதுங்க ஏப்பம் வுடுதுன்னு வெச்சிக்கோயேன்."

"இதுக்குப் பராமரிப்புன்னா இன்னா பண்ணணும் பாய்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அது தான் பராமரிப்பு. ஏயு வருசமா ஒரு விரல் வெச்சதில்ல."

கண்ணாடியோரம் அந்த ஏழு வருடம் தெரிந்தது. மேலே வெள்ளை, அதன் கீழே தேன் நிறம், பிறகு ஊதா கலந்த பச்சை, இளஞ்சிவப்பாக ஒரு கீற்று, சாம்பல், அடியில் அங்கங்கே கறுப்பு. பாலாற்றில் கரை சரிந்த இடத்தில் தெரியுமே, ஒவ்வொரு வெள்ளமும் தனித்தனி வரியாக, அப்படி. ஒருவன் ஏழு வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு அத்தாட்சி. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க விரல் நுனி அரிக்கும். பாய் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"உங்க ஆளுங்களுக்கு மண்ணப் பாத்தா கை ஊறும். சேறு கலக்கினா தான் உங்களுக்குச் சோறு எறங்கும்."

சிரித்தேன். பைப் விற்கிறவருக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று உள்ளே நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு நாள் காலை பாயின் வலது கண்ணில், ஓரத்திலிருந்து ஷட்டர் பாதி இறங்கியதுபோல் இருட்டு விழுந்தது. காஞ்சிபுரத்தில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குப் போகச் சொன்னார்கள். கண்ணின் உள்திரை கழன்றுவிட்டதாம். அறுவை செய்து, கண்ணுக்குள் காற்று அடைத்து, அந்தக் காற்றுக் குமிழி திரையை அழுத்திப் பிடித்திருப்பதற்காக ஒரு வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டுமாம். அக்காவும் கூடப் போனார். கடையை மூடி, சாவியை என் கையில் கொடுத்தார் பாய்.

"தெனம் காலைல ஒரு வாட்டி வா. ஆவியா போன தண்ணிக்கு நல்ல தண்ணி, தோ இந்தக் கோடு வரைக்கும். தீனி ஒரு சிட்டிகை. கீய் தொட்டி லைட்டு எரியுதா பாரு. மணல ஒண்டி தொடாத."

"சரி பாய்."

"நைனா, மணல ஒண்டி."

"அட, தொடலபா."

அக்கா ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அவரு கண்ணப் பத்தி ஒரு வார்த்தை சொல்றாரா பாரு தம்பி. மணலு, மணலு."

அறுவை முடிந்த அன்றே போன் வந்தது. ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு ஹாலில் தங்க வைத்திருந்தார்கள். இவரைப் போல இன்னும் ஐந்து பேர். முகத்துக்கு மட்டும் ஓட்டை விட்ட கட்டில்கள். போனைத் தரையில் வைத்து அந்த ஓட்டை வழியாகப் பேசினார்.

"தரையப் பாத்துக்கினு கீறேன் நைனா. ஒரு எறும்பு ஒண்டி போவுது வருது. அதுவும் ஒரு கண்ணுல தான். பேஜாரா கீது. நீ தொட்டிய சொல்லு."

"நல்லா கீது பாய்."

"நல்லா கீதுன்னா? இன்னா இன்னா கீது, அத்த சொல்லு. கவிதைல்லாம் சொல்லுவியே."

சொன்னேன். கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். மஞ்சள் மீன் கல்லைச் சுற்றும்போது ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வாங்கிப் பித்தளைத் தட்டாக மின்னுவதை. பல் டாக்டர் மீசையை ஆட்டி அடுத்த நோயாளியைக் கூப்பிடுவதை. மறுபக்கம் பெருமூச்சு. மறுநாளும் சொன்னேன். "ஸ்பீக்கர்ல போட்டுக்கினேன், இங்க ஆறு பேரும் கேக்கறாங்க" என்றார். அடுத்த கட்டில்காரர் யாரோ, "அந்தப் பல் டாக்டர கேளுங்க பாய், எனக்கு ஒரு கடவாப் பல்லு ஆடுது" என்று தரையைப் பார்த்துக் கத்துவது கேட்டது. ஆறு பேர் குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த இரண்டு நாளும் நான் உண்மை சொன்னேன். இரண்டே நாள்.

மூன்றாம் நாள் காலை. கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றியாயிற்று, தீனி போட்டாயிற்று, செய்ய வேறு ஒன்றும் இல்லை. கீழ்த் தொட்டி முன்னால் குந்தினேன். அடியில் இருந்த கறுப்புத் திட்டு அன்று பெரிதாகத் தெரிந்தது. பெரிதானதா, பெரிதாக வேண்டும் என்று என் கண் விரும்பியதா, இப்போது சொல்ல முடியவில்லை. கறுப்பின் நடுவே குமிழிகள்.

எங்கள் வயலில் இதைப் பார்த்தால் என்ன செய்வதென்று என் கைக்குத் தெரியும். நட்டு இருபது நாளில் பயிர் பழுப்பு காட்டி, கால் வைத்த இடமெல்லாம் சேறு குமிழி விட்டு, அழுகின முட்டையாக நாறினால், மண்ணுக்கு மூச்சு முட்டுகிறது என்போம். தண்ணீரை வடித்துவிட்டு, விரலை விரித்து, வேரோரம் மண்ணைப் புரட்டிவிடுவோம். உள்ளே காற்றுப் போக வேண்டும். நாலைந்து நாளில் பயிர் பச்சை கட்டும். என் அப்பன் செய்தான், நான் செய்கிறேன், எங்கள் பக்கத்தில் களை எடுக்கிற எந்தப் பெண்ணும் சொல்லாமலே செய்வாள். நெல்லுக்கு அது உயிர் கொடுக்கும். காற்றுப் படாததால் மட்டுமே உயிரோடு இருக்கிற மணலுக்கு அது என்ன செய்யும், அடியில் அடங்கிக் கிடக்கிற விஷம் எப்படித் தண்ணீரில் ஏறும் என்று பாய் எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்போதும் ஞாபகம் இருந்தது. 'மணல ஒண்டி' என்ற குரல் காதிலேயே இருந்தது. அந்தக் குரலுக்கு நான் மனதுக்குள் பதிலும் சொன்னேன்: நீங்க வந்து பாருங்க பாய், எப்டி ஆக்கி வெச்சிருக்கேன்னு.

சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே விட்டேன்.

வெதுவெதுப்பு. மாவில் கை இறங்குகிற மாதிரி, எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. ஐந்து விரலையும் விரித்து, களை எடுக்கிற வாகில், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை புரட்டினேன். வெள்ளை உள்ளே போனது, கறுப்பு மேலே வந்தது, தேனும் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஒன்றாகி ஒன்றுமில்லாமல் போயின. குபுகுபுவென்று குமிழி. நாற்றம் எழுந்தது, எங்கள் வயல் நாற்றமேதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க மாட்டேன். உள்ளங்கையால் மேலே தடவி, நாற்றங்காலைச் சமன் பண்ணுவதுபோல் சமன் பண்ணினேன். கலங்கல் தடுப்பைத் தாண்டி, பம்பு ஏறி, மேல் தொட்டிக்குப் போய், கடல் நீர்மோராக ஆனது. பல் டாக்டர் பின்பக்கமாகவே நடந்து கல்லிடுக்கில் நுழைந்தது. தெளிந்துவிடும் என்று கையைக் கழுவிக்கொண்டு நாஷ்டாவுக்குப் போனேன். பூரி வரும்வரை, பாக்கெட்டில் இருந்த பழைய பில்லின் முதுகில், மண்ணின் மூச்சைப் பற்றி நாலு வரி எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். வரிகள் மனப்பாடமாக இருக்கின்றன, சொல்ல மாட்டேன்.

மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தது. முன்னைவிடத் தெளிவு. பளிங்கு. கதவைத் திறந்ததும் அதைப் பார்த்து ஒரு கணம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகுதான் மஞ்சளைத் தேடினேன். தண்ணீர் இறங்குகிற வாயில் ஒருக்களித்து ஒட்டியிருந்தது. பட்டை மீன் ஒன்று கல்லடியில். இன்னொன்று, நெற்றி பட நின்று பாய் பார்ப்பாரே, அந்தத் தட்டைக் கல்லோரம். இறால் சிவப்பெல்லாம் போய்ப் பால் நிறமாகக் கிடந்தது. கீழே குனிந்தால், மணலுக்குள் இருந்த புழுக்கள் எல்லாம் வெளியே வந்து, தையற்காரர் கடைத் தரையில் நூல் துணுக்குகள் கிடக்குமே, அப்படிக் கிடந்தன. அத்தனை இருந்ததா உள்ளே என்றுதான் முதலில் தோன்றியது.

வலையால் மஞ்சளை எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"சொல்லு நைனா."

இடது கையில் வலை. வலையில் அது. வலது கையில் போன். பக்கத்துக் கட்டில்காரர், "பல் டாக்டரு வந்துட்டாரா?" என்று கேட்டார். ஆறு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"மஞ்ச மீனு பாய்," என்றேன், "இன்னிக்கு வெயிலு உள்ள வரைக்கும் வந்துருக்கு. அது அந்த வெயில்ல போயி நின்னுக்கினு, ரெக்கைய ஒண்டி ஆட்டுது. வெயில்ல துணி காயற மாதிரி கீது."

"ஆஹா" என்றார் யாரோ.

பொய் சொல்லும்போது நாக்கு குழறும் என்பார்கள். எனக்குக் குழறவில்லை. அதுவரை நான் எழுதிய எதிலும் வராத ஒரு சரளம் வந்தது. இருக்கிற மீன் எங்கே போகும், எப்போது மறையும் என்று பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லாத மீன் நான் சொன்ன இடத்தில் நின்றது. அடுத்த நாளும் சொன்னேன். செத்ததையெல்லாம் செய்தித்தாளில் மடித்துக் கடைக்குப் பின்னால் புதைத்துவிட்டு, காலித் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பல் டாக்டர் சட்டை உரித்த கதையைச் சொன்னேன்.

ஆறாம் நாள் அக்காதான் பேசினார். வராண்டாவுக்கு வந்து பேசுகிறார் என்று தெரிந்தது.

"தம்பி, அழறாரு. எவ்ளோ பார்வை வரும்னு இப்ப சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டரு. குப்புறப் படுத்துக்கினு அழக் கூடாதாம். நான் சொன்னா கேக்கல. நீ எதுனா சொல்லேன், நீ சொன்னா கேப்பாரு."

நல்லது எதுவாவது சொல்லத்தான் கேட்டார். இரக்கத்தால்தான் சொன்னேன் என்று எழுதினால் பாதி உண்மை. மீதி என்னவென்றால், அவர் போனைக் கொண்டுபோய்த் தரையில் வைப்பதற்குள், சொல்லப்போவது மொத்தமும் எனக்குள் உருண்டு திரண்டு வந்துவிட்டது. அதன் அழகை என்னால் விட முடியவில்லை.

"பாய்," என்றேன். "பட்ட மீனு முட்ட வெச்சிட்டுது."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் நின்றது.

"அந்தத் தட்டக் கல்லு மேல. கேவுரு மணியாட்டம், ஆரஞ்சு கலர்ல, கோரப்பாய் பின்னின மாதிரி ஒட்டிக்கினு கீது. ஆம்பள மீனு கிட்டயே நின்னுக்கினு ரெக்கையால விசிறுது. நான் கிட்ட போனா முறைக்குது."

இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தவை. முட்டை என்ன நிறம், யார் காவல் காப்பது, எல்லாம். அவருடைய நான்கு வருட ஆசையை அப்படியே அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.

"மெய்யாலுமா?" என்று ஒரு கத்தல். கட்டில் கிறீச்சிட்டது. உடனே அக்காவின் அலறல்: "தலயத் தூக்காதீங்க! யா அல்லா, தலயத் தூக்காதீங்க!" நர்ஸ் குரல், செருப்புச் சத்தம். பிறகு எல்லோரும் சிரிக்கிற சத்தம். "மாஷா அல்லா, மாஷா அல்லா" என்று அவர் தரையிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று அக்கா அந்த ஹாலுக்கே சேமியா பாயசம் வாங்கிக் கொடுத்தாராம். ஸ்ட்ரா போட்டுக் குடித்தார்களாம் ஆறு பேரும், குப்புறப் படுத்தபடி.

அடுத்த நாளே சென்னைக்குப் பஸ் ஏறினேன். கொளத்தூரில் கண்ணாடிக் கண்ணாடியாக மீன் விற்கிற தெருவில் அதே அளவில், அதே பட்டையில் இரண்டு பார்த்து வாங்கினேன். "தொட்டித் தண்ணி டெஸ்ட் பண்ணீங்களா சார்?" என்று கேட்ட கடைக்காரரிடம், பண்ணினேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். ஒருமுறை பேசப் பழகிய வாய் அடுத்தவரிடமும் அப்படியே பேசுகிறது. காற்றடைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், "கொயந்தையாட்டம் புடிச்சிக்கினு வரியே" என்று சிரித்தாள். தொட்டியில் விட்டேன். மறுநாள் மத்தியானம் அவையும் மிதந்தன. செய்தித்தாள், மண்வெட்டி.

பாய் வந்தார். வீட்டுக்குப் போகாமல் காரை நேராகக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னாராம். கறுப்புக் கண்ணாடி, குனிந்த தலை, அக்காவின் கை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கண்ணுக்குள்ள ஒரு தொட்டி கீது நைனா. பாதி தண்ணி. தலைய ஆட்னா அதுவும் ஆடுது" என்று ஆட்டிக் காட்டப் போனார். அக்கா தாடையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே போனார். முட்டையைத்தான் முதலில் கேட்பார் என்று எண்ணி ஒரு பதில் வைத்திருந்தேன். அவர் மேல் தொட்டியைப் பார்க்கவே இல்லை. மோட்டார் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, நல்ல கண்ணைக் கீழ்த் தொட்டிக்கு நேராகக் கொண்டுபோனார். அங்கே வரிகள் இல்லை. மேலிருந்து அடி வரை ஒரே சாம்பல். சிமென்ட்.

நெடுநேரம் பார்த்தார்.

"கை வுட்டியா?"

"கரண்டு போச்சு பாய். ஒரு நாள் பூரா. நான் வந்து பாத்தப்ப..."

"கரண்டு போனா மணலு பொரளுமா நைனா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஒரு வால்வு ஏன் ஒழுகுகிறது என்று கேட்கிற குரலில் கேட்டார். அக்கா இதற்குள் மேல் தொட்டியைப் பார்த்துவிட்டார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, மறுபடி பார்த்தார். தட்டைக் கல்லுக்கு நேராகக் கண்ணாடியில் விரல் வைத்தார்.

"தம்பி, முட்ட?"

எதிரே சுவரில் சாய்ந்திருந்த பைப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எப்ப செத்துது?" என்றார் பாய்.

"நாலாம் நாளு."

அவர் விரல் விட்டு எண்ணினார். நாலு, அஞ்சு, ஆறு. ஆறில் விரல் நின்றது. அங்கேயே நின்றது.

"போன்ல நல்லா சொன்ன" என்றார்.

கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மீதியை அக்காதான் சொன்னார். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "அந்த ஹால்லேந்து ஊருக்குப் போனவங்கல்லாம் போன் பண்ணிக் கேக்கறாங்க, குஞ்சு பொரிச்சிச்சான்னு. பக்கத்துக் கட்டிலு திருத்தணிக்காரரு இன்னிக்குக் காலைல கூடக் கேட்டாரு. செத்தத முட்ட வெக்க வெச்சியே, உனக்கு எப்டி வாய் வந்துச்சு?" பிறகு என்னைப் பார்க்காமல், "அவரு தலயத் தூக்கிட்டாரு அன்னிக்கு" என்றார்.

தலை தூக்கியதற்கும் பிறகு அந்தக் கண்ணில் தங்கிவிட்ட கோளாறுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னாராம். சில வாரங்கள் கழித்து அக்காவேதான் சொன்னார். நான் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்கப் பயந்துகொண்டிருந்தேன். பதில் தெரிந்த பிறகும் அந்தக் கட்டிலின் கிறீச்சல் எனக்குக் கேட்கிறது. பார்வை வந்தது, ஆனால் நேர்க்கோடெல்லாம் அந்தக் கண்ணுக்கு வளைந்து தெரிகிறது. கதவுச் சட்டம், பைப், பில் புத்தகத்தின் கோடு. பைப் விற்கிறவருக்கு வரக்கூடாத கண்.

பழைய மணலை நான்தான் வாரினேன். பாய் கனம் தூக்கக் கூடாது. ஒன்பது பக்கெட். கடைக்குப் பின்னால் கொட்டக் கொட்ட, தெருவில் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாருபா சாக்கடயத் தொறந்தது?" என்றார்கள். பாய் வாசலில் இருந்து, "ஆளு வெச்சி சுத்தம் பண்றோம்" என்று பதில் சொன்னார். ஆளு. பதினைந்து வருடத்தில் அவர் என்னை அப்படிச் சொன்னது அன்றுதான். புது மணலைக் கழுவி, அடுக்கு அடுக்காகப் பரப்பி, உப்புத் தண்ணீர் ஊற்றி நிமிர்ந்தேன். சாவியைக் கல்லாமேசையில் வைத்தேன். யாரும் எடு என்று சொல்லவில்லை.

இப்போதும் போகிறேன். டீ வருகிறது. மழை, மோட்டார், ஏரியில் தண்ணீர் எவ்வளவு, எல்லாம் பேசுகிறோம். 'வாயால சொல்லு' என்று மட்டும் அவர் கேட்பதில்லை. புது ஜோடி வந்திருக்கிறது, சின்னது. அந்த அறைக்குப் போனால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். வலது கையை இடது கை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

போன வாரம் பாய் கீழ்த் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். புது மணலுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கண்ணாடியோரம், மேலிருந்து இரண்டு விரல் கீழே, தேன் நிறத்தில் ஏதோ ஒன்று. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மாற்றி மூடிப் பார்த்தார். நல்ல கண்ணிலும் இப்போது புரை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பழக்கத்தில் வாய் வந்துவிட்டது அவருக்கு.

"இந்தக் கண்ணுல வளைஞ்சி தெரியுது. கோடு வியுந்துருக்கா நைனா? ஒயுங்கா, நேரா கீதா? சொல்லு."

ஒன்றரை வருடம் கழித்துக் கேட்கிறார். குனிந்து பார்த்தேன். கோடு விழுந்திருந்தது. மெல்லிய கோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக. வாயைத் திறந்தேன்.

"இருங்க" என்றார் கல்லாவிலிருந்து அக்கா. "நான் வந்து பாத்து சொல்றேன்."

பில் போட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன். பாய் என் பக்கம் திரும்பவில்லை. அக்கா சொல்வதற்காகக் காத்திருந்தார். அக்கா குனிந்து, கண்ணாடியில் மூச்சுப் படாமல், மெதுவாகப் பார்த்தார்.

"நேரா தான் கீது" என்றார்.

"அல்ஹம்துலில்லா" என்றார் பாய்.